வாழ்வில் நேர்ந்ததை ஓவியத் தொடராக்கிக் காட்சிக்கு வைப்பது எப்படி: மொரீஷியஸில் முதன்முறை முயல்வோருக்கு

என் தாயார் 2019 ஜூலையில் காலமானார். அவரை நினைந்து வரைந்த பதினான்கு கரிக்கோல் ஓவியங்களை 2023 செப்டம்பரில் காட்சிக்கு வைத்தேன். இடைப்பட்ட நான்கு ஆண்டுகளில் ஏறத்தாழப் பாதி, தெரியாமல் செய்த பிழைகளிலும் அவற்றைச் சரிசெய்வதிலும் கழிந்தது. நான் பள்ளியில் தமிழ் கற்பிப்பவள். ஓவியம் மாலை வகுப்புகளில் பயின்றது. உங்களுக்கும் சொந்த வாழ்வில் நேர்ந்த ஒன்றை, அது இழப்போ அவமானமோ நோயோ பிரிவோ எதுவாயினும், படமாக்க வேண்டும் என்ற எண்ணம் இருந்தால், நான் இழந்த காலத்தையும் பணத்தையும் நீங்கள் இழக்க வேண்டியதில்லை. கீழே சொல்லியிருப்பவை ஓவியத்துக்கு உரியவை என்றாலும், முதல் ஐந்து படிகள் கவிதை எழுதுவோருக்கும் பொருந்தும்.

தொடங்குமுன் ஒரு கணக்கு: வாரத்துக்கு ஆறு மணி நேரம் ஒதுக்க முடிந்தவர்களுக்கு, குறிப்பெடுக்கும் காலத்தை விட்டுவிட்டு, ஒரு சிறு தொடரை முடிக்கப் பதினைந்து முதல் பதினெட்டு மாதங்கள் தேவைப்படும். ஆறு மாதத்தில் முடித்துவிடலாம் என்று நினைத்து மண்டபத்துக்கு முன்பணம் கட்டிவிடாதீர்கள்.

1. துயரம் புதிதாக இருக்கையில் வரையாதீர்கள், குறிப்பெடுங்கள்

அம்மா இறந்த பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் நான் வரைய உட்கார்ந்தேன். மூன்று மாதங்களில் முப்பதுக்கும் மேற்பட்ட தாள்களை நிரப்பினேன். அத்தனையும் அழுகின்ற முகங்கள், குனிந்த தலைகள், கருப்புப் பூசிய பின்னணிகள். எந்தப் படத்திலும் என் அம்மா இல்லை. அவை யாருடைய அம்மாவாகவும் இருந்திருக்கலாம். அழுகை மிகுந்திருந்தபோது கை தெரிந்த வடிவங்களையே திரும்பத் திரும்ப வரைந்தது.

ஜெர்மானிய ஓவியரும் சிற்பியுமான கேத்தே கோல்விட்ஸ், தம் இளைய மகன் பீட்டரை 1914 அக்டோபரில் பெல்ஜியப் போர்முனையில் பறிகொடுத்தார். அதே ஆண்டு டிசம்பரிலேயே அவனுக்கான நினைவுச் சின்னத்தைத் திட்டமிடத் தொடங்கினார். முதலில் அவர் நினைத்தது மகனின் கிடந்த உடலையும் அருகில் பெற்றோரையும். பல ஆண்டுகள் முயன்று, 1919இல் அதைக் கைவிட்டார். பின்னர் மீண்டும் தொடங்கி 1932இல் கல்லறைத் தோட்டத்தில் நிறுவியபோது, மகனின் உருவம் அதில் இல்லை; தனித்தனிப் பீடங்களில் மண்டியிட்டிருக்கும் தந்தையும் தாயும் மட்டுமே இருந்தார்கள். பதினெட்டு ஆண்டுகள். நாம் அவ்வளவு காலம் எடுத்துக்கொள்ள வேண்டும் என்று சொல்லவில்லை. ஆனால் முதலில் மனத்தில் எழும் காட்சி கடைசிவரை நிற்காமல் போகலாம் என்பதற்கு ஆயத்தமாக இருங்கள்.

முதல் ஆண்டில் செய்ய வேண்டியது குறிப்பெடுப்பதுதான். ஒரு சாதாரணப் பள்ளிக் குறிப்பேடு போதும். நாள், நேரம், இடம், பொருள், சொல் ஆகியவற்றை எழுதுங்கள். உணர்ச்சியின் பெயரை எழுதாதீர்கள். "மிகவும் வேதனையாக இருந்தது" என்ற வரி ஓராண்டு கழித்து எதற்கும் பயன்படாது. "மருத்துவமனையிலிருந்து கொடுத்த பையில் செருப்பு ஒற்றையாக இருந்தது" என்ற வரி பயன்படும். இக்குறிப்பேடே உங்கள் முதல் ஆவணம். ஈரம் படாத இடத்தில் வையுங்கள். மாதம் ஒருமுறை பக்கங்களைக் கைபேசியில் படமெடுத்துச் சேமியுங்கள்.

ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். குறிப்பெடுத்த பின் இரண்டு மூன்று இரவுகள் தொடர்ந்து உறக்கம் வரவில்லை என்றாலோ, உண்ணவும் வேலைக்குப் போகவும் மனம் ஒப்பவில்லை என்றாலோ, குறிப்பேட்டை மூடிவிட்டு மருத்துவரைப் பாருங்கள். வரைவது மருத்துவத்துக்கு ஈடாகாது.

2. அழுகைக்கு எது காரணம் என்று கண்டறியுங்கள்

இந்தப் படியைத் தாண்டிக் குதித்தவர்களின் படங்கள்தாம் பார்ப்போரிடம் போய்ச் சேராமல் நிற்கின்றன என்பது என் உறுதியான கருத்து. எனக்கு இதற்குக் கைகொடுத்தது, உள்ளத்து உணர்வு உடலில் வெளிப்படுவதைப் பற்றிச் சொல்லும் தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல். அங்கே நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என்று எட்டு மெய்ப்பாடுகள் சொல்லப்படுகின்றன. ஒவ்வொன்றும் எவற்றிலிருந்து பிறக்கும் என்று நான்கு நான்காகப் பிரித்தும் காட்டப்படுகிறது. அழுகை இளிவு, இழவு, அசைவு, வறுமை ஆகிய நான்கில் தோன்றும். பிறர் இகழ்வதால் வருவது இளிவு. உயிரோ பொருளோ இழப்பதால் வருவது இழவு. இருந்த நிலையிலிருந்து தாழ்வதால் வருவது அசைவு. இல்லாமையால் வருவது வறுமை.

குறிப்பேட்டை எடுத்து, ஒவ்வொரு குறிப்பின் ஓரத்திலும் இந்த நான்கில் ஒன்றை எழுதிப் பாருங்கள். என் அழுகை இழவிலிருந்து வந்தது என்றுதான் நானும் எண்ணியிருந்தேன். எழுதிப் பார்த்தபோது பாதிக்கும் மேற்பட்ட குறிப்புகளின் ஓரத்தில் "இளிவு" என்றே எழுத வேண்டியிருந்தது. என் தாயார் இருபத்திரண்டு ஆண்டுகள் பின்னலாடைத் தொழிற்சாலையில், கழுத்துப் பட்டையை உடல்பகுதியோடு கண்ணி கண்ணியாகக் கோத்து இணைக்கும் பிரிவில் வேலை செய்தவர். பழுதென்று தள்ளிய துண்டுகளை மலிவாக வாங்கி வந்து, பிரித்து, எனக்கும் தம்பிக்கும் ஸ்வெட்டர் பின்னித் தருவார். இங்கே திரிக்கோ என்போமே, அதுதான். கையில் ஒரு நிறம், மார்பில் ஒரு நிறம். மேட்டுநில ஊரான வாக்வாவின் குளிரில் பள்ளிக்கு அதை அணிந்து போக எனக்கு வெட்கமாக இருந்தது. ஒரு நாள் அதைப் பேருந்திலேயே விட்டுவிட்டு வந்து, தொலைந்துவிட்டது என்று பொய் சொன்னேன். அம்மா ஒன்றும் சொல்லாமல் இன்னொன்று பின்னத் தொடங்கினார். என்னை உறுத்திக்கொண்டிருந்தது இதுதான். மரணப் படுக்கையை வரைந்துகொண்டிருந்த வரை இது படத்துக்குள் வர வழியே இல்லை.

இதற்கு ஒரு மாதம் கொடுங்கள். செலவு ஏதுமில்லை.

3. ஒரே ஒரு பொருளைத் தேர்ந்தெடுத்து, அதையே பாருங்கள்

பறம்பு மலையை ஆண்ட பாரி இறந்த பின் அவன் மகளிர் பாடிய ஐந்து வரிப் பாட்டை நாம் அனைவரும் பள்ளியில் படித்திருக்கிறோம். அன்றைய நிலவில் தந்தையும் இருந்தார், குன்றும் எங்களிடம் இருந்தது. இன்றைய நிலவில் குன்றும் இல்லை, தந்தையும் இல்லை. துயரம் என்றோ கண்ணீர் என்றோ அதில் ஒரு சொல்லும் இல்லை. ஒரே நிலவு இருமுறை வருகிறது; அந்த நிலவின் கீழ் எது இருந்தது, எது இல்லை என்று மட்டுமே அவர்கள் சொல்கிறார்கள். வகுப்பில் பலமுறை நடத்திய பாட்டுத்தான். ஆனாலும் அது ஒரு வேலை முறையைக் கற்பிக்கிறது என்பது எனக்கு 2021இல்தான் விளங்கியது: மாறாத ஒரு பொருளைப் பிடித்துக்கொண்டால், மாறியது தானே தெரியும்.

நார்வே ஓவியர் எட்வர்ட் முங்க், 1877இல் காசநோயால் இறந்த தம் அக்கா ஸோஃபியின் நினைவை வாழ்நாளெல்லாம் வரைந்தார். நோயுற்ற சிறுமி தலையணையில் சாய்ந்திருக்கும் அந்தப் படத்தை நாற்பது ஆண்டுக் காலத்தில் ஆறு முறை தீட்டியிருக்கிறார். அக்கா கடைசியாக அமர்ந்திருந்த நாற்காலியை அவர் கடைசிவரை தம்மிடமே வைத்திருந்தார்.

நீங்கள் தேர்ந்தெடுக்கும் பொருள் மூன்று தகுதிகளைக் கொண்டிருக்க வேண்டும். அது உங்கள் கையில் இப்போது இருக்க வேண்டும். நினைவிலிருந்து வரைந்தால் பொதுவான வடிவமே வரும். ஒருவர் கை நெடுங்காலம் புழங்கிய பொருளாக இருக்க வேண்டும். பார்த்ததும் இது துயரத்தின் சின்னம் என்று எவரும் சொல்லிவிடாத பொருளாக இருக்க வேண்டும். ஆகவே அணைந்த விளக்கு, வாடிய பூ, காலி நாற்காலி ஆகியவற்றைத் தவிர்த்துவிடுங்கள். முங்குக்கு அந்த நாற்காலி உண்மையில் இருந்தது. நமக்கு அது கடன் வாங்கியதாகவே இருக்கும்.

நான் தேர்ந்தெடுத்தது, அம்மா பாதியில் விட்டுப்போன ஒரு கம்பளி நூல் உருண்டை. பின்னலைப் பிரித்தெடுத்த நூல் நேராக இராது. ஒவ்வொரு கண்ணியின் வளைவும் அதில் அப்படியே தங்கி, முழு நீளத்துக்கும் சிறு சிறு அலைகளாக நெளிந்திருக்கும். அதை நேராக்க அம்மா நாற்காலி முதுகில் சுற்றிச் சிட்டமாக்கி, வெந்நீரில் அலசி, கொடியில் தொங்கவிட்டு, கீழே ரோஸ் காரி என்று இங்கே சொல்லும் அம்மியின் குழவியைக் கட்டிவிடுவார். மசாலா அரைக்கும் குழவி கொல்லைப்புறத்தில் கம்பளிச் சிட்டத்தில் தொங்கிக்கொண்டிருப்பதைப் பார்த்துப் பக்கத்து வீட்டார் சிரிப்பார்கள். இரண்டு நாள் கழித்து நூல் நேராகிவிடும். ஆனாலும் விரலில் சுற்றி வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் பழைய நெளிவு இலேசாகத் தெரியும். அந்த உருண்டையில் பாதி நூல் நேராக்கியது, பாதி நெளிந்தபடியே இருந்தது. நேராக்க அவருக்கு நேரம் கிடைக்கவில்லை.

அந்த நூலை மட்டும் ஏழு மாதங்கள் வரைந்தேன். வேலை முறை இது: ஒரு கை நீள நூலை வெள்ளைத் தாளில் வைத்து, இடப்பக்கம் ஒரே ஒரு விளக்கை எரியவிட்டு, நாற்பது நிமிடங்கள் பார்த்து வரைய வேண்டும். முதல் பத்து நிமிடங்கள் தாளைத் தொடாமல் பார்க்க மட்டும் வேண்டும். வாரத்துக்கு மூன்று முறை. இரண்டாம் மாதம் வரை எனக்கு வந்தவை வெறும் வளைகோடுகள். அதன் பின்புதான் ஒரு நெளிவு மற்றொன்றைப் போல் இல்லை என்பது கண்ணில் பட்டது. சில கண்ணிகள் இறுக்கமாகவும் சில தளர்ந்தும் இருந்தன, இயந்திரம் பின்னிய பகுதிக்கும் அம்மா கையால் பின்னிப் பிரித்த பகுதிக்கும் வேறுபாடு இருந்தது. அந்த வேறுபாட்டை வரைந்த தாள்தான் தொடரின் முதல் படமாயிற்று. அதில் அழுகை என்று எதையும் நான் சேர்க்கவில்லை. பார்த்த என் சித்தி, அம்மாவோடு அதே தொழிற்சாலையில் இருந்தவர், நெடுநேரம் பேசாமல் நின்றுவிட்டு, "இது உன் கழுத்துப் பக்கம் பிரித்த நூல்" என்றார். அவர் சொன்னது சரி.

4. ஆவணங்களைத் தேடுங்கள், ஆனால் எல்லை வகுத்துக்கொண்டு தேடுங்கள்

பொருள் கிடைத்த பிறகு அதைச் சுற்றிய காகிதங்களைத் திரட்டுங்கள்: புகைப்படங்கள், சம்பளச் சீட்டுகள், கடிதங்கள், வேலை நீக்கக் கடிதம், மருந்துச் சீட்டு, கோவில் ரசீது. இவற்றை அப்படியே ஒட்டுவதற்காகத் திரட்டவில்லை. நாள், அளவு, நிறம் முதலியவற்றில் நினைவு செய்யும் பிழைகளைத் திருத்துவதற்காகத் திரட்டுகிறோம். அம்மாவின் வேலை 1990களின் நடுவில் போயிற்று என்று நான் எண்ணியிருந்தேன். கடிதத்தில் 2005 என்று இருந்தது. பன்னாட்டுத் துணி வணிக ஒதுக்கீட்டு முறை 2004 முடிவோடு முடிந்து, இங்கே பல ஆலைகள் ஆட்களைக் குறைத்த காலம் அது. என் நினைவில் நான் சிறுமி. கடிதத்தின்படி நான் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தவள். படத்தில் வர வேண்டிய என் வயதே அதனால் மாறிற்று.

ஒரு பொறி இங்கே இருக்கிறது. நான் அதில் எட்டு மாதங்கள் சிக்கிக் கிடந்தேன். குடும்பத்தைப் பற்றி எதையேனும் தொடங்கும் மொரீஷியஸ் தமிழர் பலரும் உடனே மோக்காவில் உள்ள மகாத்மா காந்தி நிறுவனத்தின் ஆவணக் காப்பகத்துக்குப் போகிறோம். ஒப்பந்தக் கூலிகளாக வந்த முன்னோரின் பதிவேடுகள் அங்கே இருக்கின்றன: பெயர், தகப்பன் பெயர், வயது, ஊர், வந்த கப்பல், பலருக்குப் புகைப்படமும் கூட. உங்களிடமிருந்து பின்னோக்கி ஒவ்வொரு தலைமுறைக்கும் பிறப்பு, திருமணச் சான்றுகளையும், தெரிந்தால் முன்னோரின் குடியேற்ற எண்ணையும் எடுத்துச் சென்றால் தேடல் எளிதாகும். பெயர்கள் பிரெஞ்சு, ஆங்கில எழுத்தர் காதில் விழுந்தபடி எழுதப்பட்டிருப்பதால், ஒரே பெயரை நான்கைந்து எழுத்துக்கூட்டல்களில் எழுதிக்கொண்டு போங்கள். அது அருமையான வேலை, செய்யத்தக்க வேலை. ஆனால் உங்கள் படம் கொள்ளுத்தாத்தாவைப் பற்றியதாக இருந்தால் மட்டுமே இப்போது செய்யத்தக்கது. நான் அங்கே தேடியது, அம்மாவைப் பற்றிய அந்தப் பேருந்துப் பொய்யை வரையத் துணிவில்லாமல் தள்ளிப்போட்டதனால்தான். காப்பகத்தில் கிடைத்த எதுவும் தொடரில் இடம்பெறவில்லை.

ஆகவே ஆவணத் தேடலுக்கு மூன்று மாதம் என்று நாள்காட்டியில் குறித்துக்கொண்டு, அந்நாளில் நிறுத்திவிடுங்கள்.

5. குடும்பத்தாரின் இசைவை எழுத்தில் பெறுங்கள். வரைவதற்கு முன்பே பெறுங்கள்

உங்கள் வாழ்வு உங்களுடையது மட்டுமன்று. அகப்பாட்டில் தலைவன் தலைவி யாரென்று பெயர் சுட்டக்கூடாது என்று நம் மரபு விதித்திருக்கிறது. பெயர் சுட்டிவிட்டால் அது அகமாகாது. இதை இலக்கண விதியாக மட்டும் கொள்ளாமல், உயிரோடு இருப்பவர்களைக் காக்கும் ஏற்பாடாகவும் கொள்ளலாம் என்பது என் எண்ணம். என் தொடரில் எவருடைய பெயரும் இல்லை, தொழிற்சாலையின் பெயரும் இல்லை. அதனால் படங்கள் எதையும் இழக்கவில்லை. பின்னலாடை ஆலையில் வேலை செய்த வேறு பெண்களின் பிள்ளைகள் அவற்றைத் தங்களுடையவையாக எடுத்துக்கொண்டார்கள்.

நான் செய்த பிழை, படங்களை முடித்த பின் தம்பியிடம் காட்டியது. மொத்தம் பதினைந்து படங்கள் இருந்தன. பதினைந்தாவது, மருத்துவமனைக் கட்டிலில் அம்மாவின் கைகள். தம்பி வெகுநேரம் பார்த்துவிட்டு, "அக்கா, அம்மாவை இந்தக் கட்டிலில் வேறு யாரும் பார்க்க வேண்டாம்" என்று எங்கள் பேச்சுமொழியான கிரியோலில் சொன்னான். அதற்கு மேல் பேச ஒன்றுமில்லை. நான்கு மாத உழைப்பு அலமாரிக்குள் போயிற்று. அவன் கேட்டது நியாயம் என்று இன்றும் நினைக்கிறேன். முன்பே கேட்டிருந்தால் அவனுக்கு அந்த வேதனையும் எனக்கு அந்த நான்கு மாதமும் மிஞ்சியிருக்கும்.

இசைவுத் தாள் ஒரு பக்கம் இருந்தால் போதும். அவரவர் வாசிக்கும் மொழியில், பிரெஞ்சிலோ ஆங்கிலத்திலோ, எழுதுங்கள். எந்த நிகழ்வு வரையப்படும், யார் அடையாளம் தெரியும்படி இருப்பார்கள், எங்கெங்கே காட்டப்படும், இணையத்தில் இடப்படுமா, விற்கப்படுமா, எந்த நாள் வரை அவர்கள் மனம் மாற்றிக்கொள்ளலாம் என்ற ஆறும் அதில் இருக்க வேண்டும். கடைசிச் செய்தியை மறக்காதீர்கள். படங்களுக்குச் சட்டம் போடக் கொடுக்கும் நாளை எல்லையாக வைப்பது நலம். பெற்றோர் இறந்துவிட்டால் உடன்பிறந்தார் அனைவரிடமும் கையெழுத்து வாங்குங்கள்; வெளிநாட்டில் இருப்பவரிடம் மின்னஞ்சலில் பெற்று அச்செடுத்து வையுங்கள். அடையாள அட்டை, சம்பளச் சீட்டு, சான்றிதழ் எதையேனும் படத்தில் காட்டினால் எண்களையும் முகவரியையும் மறைத்துவிடுங்கள். ஸ்டூடியோவில் எடுத்த புகைப்படத்தை அப்படியே பெரிதாக்கிக் காட்டுவதாயின், எடுத்தவரிடமும் கேட்டுவிடுவதே முறை.

6. வரையுங்கள், பிறகு கழியுங்கள்

பதினான்கு படங்களுக்கு நான் ஐம்பத்தொரு தாள்கள் வரைந்தேன். எதை வைப்பது, எதைக் கழிப்பது என்பதற்கு நான் பின்பற்றிய சோதனை எளியது: படத்தைச் சுவரில் மாட்டி, மூன்று வாரங்கள் அந்தப் பக்கம் போகாமல் இருந்து, பின் போய்ப் பார்க்க வேண்டும். அப்போது "நான் எவ்வளவு வருந்தியிருக்கிறேன்" என்று தோன்றினால் கழித்துவிடுங்கள். "நூலின் இந்த முனை ஏன் இப்படி இருக்கிறது" என்று தோன்றினால் வையுங்கள்.

இருவரிடம் காட்டுங்கள், ஒருவர் அந்த வாழ்வை அறிந்தவர், மற்றவர் அறியாதவர். கதையைச் சொல்லாமல் காட்டுங்கள். கதையைச் சொன்னால் எல்லோரும் இரங்குவார்கள். அந்த இரக்கம் உங்களுக்கு, படத்துக்கு அன்று.

7. தாளும் சட்டமும்: நம் ஊர் ஈரத்துக்கு ஏற்ப

வாக்வா, கியூர்பிப் போன்ற மேட்டுநில ஊர்களில் இருப்பவர்களுக்கு ஈரமே முதல் பகை. சதுர மீட்டருக்கு 300 கிராம் எடையுள்ள, அமிலம் நீக்கிய பருத்தித் தாளை வாங்குங்கள். விலை மும்மடங்கு இருக்கும், ஆயினும் மெல்லிய தாள் அலையலையாக வளைந்துவிடும். கரிக்கோல் படத்துக்கு உதிராமலிருக்கத் தெளிக்கும் ஃபிக்ஸடிவை மழை நாளில் தெளிக்காதீர்கள். காற்றோட்டமான இடத்தில், மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டு, இருமுறை மெல்லியதாகத் தெளியுங்கள்.

சட்டம் போடுபவரிடம் நான்கை எழுதிக் கொடுங்கள். கண்ணாடி படத்தைத் தொடக்கூடாது. இடையில் பாஸ்பார்த்து எனப்படும், நடுவில் திறப்பு வெட்டிய தடித்த அட்டை வேண்டும். பின்னட்டை அமிலமற்றதாக இருக்க வேண்டும். பின்புறத்தின் நான்கு ஓரமும் பட்டையால் அடைக்கப்பட வேண்டும். நான் வாய்ச்சொல்லாகச் சொன்னேன். ஒரு கடையில் மலிவான பழுப்பு அட்டையை வைத்து, கண்ணாடியைப் படத்தின் மேலேயே அழுத்திக் கொடுத்துவிட்டார்கள். மூன்று மாதத்தில் ஐந்து படங்களில் பூஞ்சை பிடித்தது. அவற்றுள் இரண்டை மீண்டும் வரைய வேண்டியதாயிற்று.

2023இல் எனக்கு ஆன செலவு, மொரீஷியஸ் ரூபாயில்: தாள் 3,600, கரிக்கோல், பென்சில், ஃபிக்ஸடிவ் 2,150, படங்களை எண்ணிம நகலெடுக்க 1,400, பதினான்கு சட்டங்கள், ஒன்று 1,450 வீதம், 20,300, குறிப்பட்டையும் அழைப்பும் அச்சிட 1,800, வேன் இருமுறை 3,000, திறப்பு நாள் சிற்றுண்டி 4,500, மண்டபத்தைத் தூய்மை செய்யவும் மின்சாரத்துக்கும் 1,500. கூட்டினால் 38,250. பிழைகளால் ஆனது தனி: பூஞ்சை பிடித்த ஐந்துக்கு மறுபடியும் சட்டம் 7,250, அடுத்த படியில் சொல்லும், திரும்பி வராத மண்டப முன்பணம் 5,500. ஆக மொத்தம் 51,000. சட்டத்துக்கே பாதிக்கு மேல் போகிறது என்பதைக் கவனியுங்கள். பணம் போதவில்லை என்றால் படங்களின் எண்ணிக்கையைக் குறையுங்கள். சட்டத்தின் தரத்தைக் குறைக்காதீர்கள். எல்லாப் படங்களையும் ஒரே அளவில் வரைந்தால் சட்டங்களை மொத்தமாகப் பேசி விலை குறைக்கலாம், அடுத்த முறையும் பயன்படுத்தலாம்.

8. இடமும் நாளும்

ரோஸ் ஹில்லில் உள்ள மாக்ஸ் புல்லே கலைக்கூடம், ஃபீனிக்ஸில் உள்ள இந்திரா காந்தி இந்தியப் பண்பாட்டு மையம், மகாத்மா காந்தி நிறுவனம் போன்ற இடங்களில் ஓவியக் காட்சிகள் நடப்பதுண்டு. கட்டணமும் விதிகளும் மாறக்கூடியவை. ஆகவே நேரில் போய், மூன்று செய்திகளை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்: சுவரில் ஆணி அடிக்கலாமா, படங்களுக்குச் சேதம் நேர்ந்தால் பொறுப்பு யாருடையது, புயலால் நிகழ்ச்சி நின்றால் முன்பணம் திரும்புமா. விண்ணப்பத்தோடு ஒரு பக்க அறிமுகம், ஐந்தாறு படங்களின் நகல், படங்களின் அளவுப் பட்டியல், நீங்கள் விரும்பும் இரண்டு வாரங்கள் ஆகியவற்றை இணையுங்கள். ஆறு முதல் ஒன்பது மாதம் முன்னதாகக் கேளுங்கள்.

மூன்றாவது கேள்வியை நான் கேட்கவில்லை. என் காட்சி முதலில் 2023 பிப்ரவரியில் திறப்பதாக இருந்தது. காவடி முடிந்த பிறகு என்று பார்த்து வைத்த நாள். அந்த வாரம் ஃப்ரெடி புயல் வந்தது, மூன்றாம் நிலைப் புயல் எச்சரிக்கை ஏறியது, நாடே கதவடைத்துக்கொண்டது. மண்டபத்தார் வேறு நாள் தரவுமில்லை, முன்பணத்தைத் திருப்பித் தரவுமில்லை. ரசீதில் அதற்கு வகையில்லை என்றார்கள். இங்கே புயல் பருவம் நவம்பர் முதல் மே நடுப்பகுதி வரை. ஆகவே ஜூன் முதல் அக்டோபருக்குள் நாள் பாருங்கள். ஆகஸ்ட், செப்டம்பரில் குளிர்ந்த காற்று வீசினாலும் தாளுக்கு நல்லது. புரட்டாசியில் விரதமிருப்பவர்களை அழைப்பதாயின் திறப்பு நாள் சிற்றுண்டியை அதற்கேற்ப வையுங்கள்.

9. குறிப்பட்டையும் அதற்குப் பின்னும்

படத்தின் அடியில் வைக்கும் அட்டையில் உணர்ச்சியை விளக்காதீர்கள். நான் முதலில் ஒவ்வொன்றுக்கும் ஒரு பத்தி எழுதி அச்சிட்டு, பிறகு எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, ஒரு வரி வைத்தேன்: "கம்பளி நூல், 62 சென்டிமீட்டர், பிரித்தது, அலசாதது." தமிழிலும் பிரெஞ்சிலும் இட்டேன். தமிழ் வாசிக்கத் தெரியாத நம் பிள்ளைகள் பலர் வருவார்கள். அவர்களுக்குப் பிரெஞ்சு வரி வேண்டும், தமிழ் எழுத்தைப் பார்க்கவும் வேண்டும்.

முதல் காட்சியிலேயே விற்பனைக்கு வைப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். திறப்பு நாளின் நெகிழ்ச்சியில் ஒப்புக்கொண்டுவிட்டுப் பின்னர் வருந்தியவர்களை அறிவேன். கேட்பவரின் பெயரையும் எண்ணையும் ஓர் ஏட்டில் எழுதி வைத்து, ஆறு மாதம் கழித்துப் பதில் சொல்லுங்கள்.

காட்சி முடிந்த அன்றே படங்களை இறக்குங்கள். இரவு மண்டபத்தில் விடாதீர்கள். வீட்டில் வெளிச்சுவரை ஒட்டி வைக்காமல், தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில், ஒவ்வொன்றுக்கும் இடையே அமிலமற்ற தாளை வைத்து நிறுத்துங்கள். மே மாதம் ஒருமுறையும் அக்டோபரில் ஒருமுறையும் பின்னட்டையைப் பிரித்துப் பூஞ்சை இருக்கிறதா என்று பாருங்கள். வரைவதற்கு எடுத்த பொருளை உரியவரிடம் திருப்பிக் கொடுங்கள். அந்த நூல் உருண்டையைத் தம்பி வாங்கிக்கொண்டான். நெளிந்த பாதியை அலச வேண்டாம் என்று மட்டும் சொல்லிக் கொடுத்தேன்.